பிள்ளை எழுதிய ஏட்டுக்கு ஓர் அட்டை

 

எனக்கு முன்னே பேசிய அறிஞர்கள் இடஒதுக்கீட்டைப் பற்றியும், உயர்கல்வியைப் பற்றியும், ஆட்சிப் பணித் தேர்வுகளைப் பற்றியும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்போ, நோட்டுப் புத்தகத்திற்கு நெடுநாள் உழைக்கும் அட்டையை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்வது எப்படி என்பது. பந்தியில் பாயசம் பரிமாறி முடித்த பிறகு உப்பு கொண்டு வருகிறவனைப் போல நான் நிற்கிறேன். ஆயினும் உப்பும் வேண்டியதுதானே.

நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர் சற்று முன்பு வாசலிலேயே என்னை நிறுத்தி, “வாத்தியாரே, நம்ம பிள்ளைங்க கையிலே பேனாவைக் கொடுக்கணும்னுதானே இந்தக் கழகம் வெச்சோம்? நீங்க பசைச் சட்டியைக் கொடுக்கறீங்களே, இது நியாயமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த மாநிலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படித்தால் போதும், மீதி அரைநாள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று அன்றைய முதலமைச்சர் இராஜாஜி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையும், வெட்டியான் மகன் சுடுகாட்டையும் அரைநாள் கற்பதா என்று நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே, நம் பிள்ளையின் கையில் யாராவது ஒரு கைத்தொழிலைக் கொண்டுவந்து கொடுத்தால், ‘எதற்காக?’ என்று பெற்றவர்கள் சந்தேகப்படுவது சரி. சந்தேகப்படத்தான் வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கிறேன். இது பிழைப்புக்காகக் கற்கும் தொழிலன்று. எழுதியதைக் காப்பதற்காகக் கற்கும் வேலை. பேனாவைக் கொடுத்த கழகம், அந்தப் பேனா எழுதியது பங்குனிக்குள் கிழிந்துபோகாமலிருக்க வழியையும் சொல்ல வேண்டாமா?

இன்னொன்றும் சொன்னேன். இலண்டன் மாநகரில் ஒரு கருமாரின் மகன் இருந்தான். வீட்டில் வறுமை. 1805ஆம் ஆண்டில், 14 வயதில், புத்தகம் கட்டும் கடையொன்றில் 7 ஆண்டுகள் தொழில் பழகுபவனாகச் சேர்ந்தான். கட்ட வந்த புத்தகங்களையெல்லாம் படித்தான். 1812இல் சர் ஹம்ஃப்ரி டேவி என்னும் அறிவியல் மேதையின் 4 சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படங்களும் வரைந்து, விரிவாக எழுதி, தன் கையாலேயே அதைப் புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இடம் கிடைத்தது. அவன்தான் மைக்கேல் ஃபாரடே. 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை அடிப்படையாகக் கொண்டுதான் மின்னாக்கிகள் சுழல்கின்றன. புத்தகம் கட்டிய எல்லாரும் ஃபாரடே ஆகவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால், தான் எழுதியதைத் தானே கட்டி, ஒரு பெரிய மனிதரின் மேசைமேல் நிமிர்ந்து கிடக்கும்படி செய்தான் அந்தப் பையன். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டது. தாழ்ந்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நம் மக்களின் குடியிருப்பு இருக்கும். இது தற்செயலாக அமைந்ததன்று. ஆகையால் தண்ணீர் முதலில் நம் வீட்டுக்குள்தான் வந்தது. துணியும் அரிசியும் நனைந்தன. அவற்றோடு புத்தகப் பையும் நனைந்தது.

பாடநூல் நனைந்தால் இன்னொன்று கிடைக்கும். அரசுப் பள்ளிகளில் பாடநூலும் நோட்டும் விலையின்றியே வழங்கப்படுகின்றன. ஒன்று போனால் அதே போன்ற ஆயிரம் படிகள் உண்டு. ஆனால் பிள்ளை தன் கையால் எழுதிய நோட்டு? உலகத்தில் அதற்கு ஒரே ஒரு படிதான் உண்டு. ஜூன் மாதம் முதல் போட்ட கணக்கும், வரைந்த படமும், ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய பிழையும் அதில்தான் இருக்கின்றன. வசதியுள்ள வீட்டில் அந்த நோட்டு தொலைந்தால் தனிப்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார், படித்த தாய் தந்தையர் இருக்கிறார்கள். நம் வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் அந்த நோட்டுதான். அது கிழிந்தால் வீட்டிலிருந்த ஆசிரியர் வெளியேறிவிட்டார் என்று பொருள்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களிடமே இதற்குச் சான்று இருக்கிறது. சாத்தாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அவர் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக் கூடாது. தனியே ஒரு கோணித் துண்டை விரித்து அதன்மேல்தான் உட்கார வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலைக்காரரும் அந்தக் கோணியைத் தொடமாட்டார். அதனால் மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்று, காலையில் மறுபடியும் கொண்டுவர வேண்டும். இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரியும்? அவர் தம் கைப்பட எழுதி வைத்தார். அவர் 1956இல் மறைந்தார். அந்தக் கையெழுத்துப் படி, அவர் தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகத்தின் பாதுகாப்பில் இருந்து, 34 ஆண்டுகள் கழித்து 1990இல்தான் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு நூலாக அச்சேறியது. இடையில் ஒரு கரையான் புற்று அந்தத் தாள்களை அடைந்திருந்தால், அந்தக் கோணித் துண்டின் கதையை அவர் சொற்களில் நாம் படித்திருக்க முடியாது. அவர் வெளிநாட்டில் சேர்த்த புத்தகங்கள் 1917இல் தனிக் கப்பலில் வந்தபோது, அந்தக் கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கிப்போனது. புத்தகத்தை இழப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதே கோணியைத்தான் இன்று நாம் ஏட்டின்மேல் போர்த்தப் போகிறோம்.

இனி வேலைக்கு வருகிறேன். பின்வரிசையிலுள்ள மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் பலகை. அட்டைக்கு உடம்பு கொடுப்பது அதுதான். கடைகளில் கிடைக்கும் நெளி அட்டைப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம். அதன் உள்நெளிவு நசுங்கி, ஒரே மாதத்தில் முனை மழுங்கிவிடும். நம் வீடுகளில் இதைவிட நல்ல பொருள் ஆண்டுதோறும் வீணாகிறது. அதுதான் தினசரி நாட்காட்டியின் அட்டை. தாளையெல்லாம் கிழித்து முடித்து, டிசம்பர் 31க்குப் பிறகு அந்த அட்டை சாமி படத்தோடோ, தலைவர் படத்தோடோ, நகைக்கடை விளம்பரத்தோடோ ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும். அது கெட்டியான அட்டை. 2 நாட்காட்டிகள் இருந்தால் ஒரு நோட்டுக்குப் போதும். அது கிடைக்காவிட்டால் சட்டைப் பெட்டி, இனிப்புப் பெட்டி ஆகியவற்றின் அட்டையை மூன்று நான்காகச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம்.

அட்டையை வெட்டுமுன் இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதில் வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். மரத்துக்கு இருப்பது போலவே அட்டைக்கும் நார் ஓட்டம் உண்டு. அந்த ஓட்டம் நோட்டின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். குறுக்கே வைத்து வெட்டினால், பசையின் ஈரம் பட்டதும் அட்டை அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். விழுப்புரத்தில் நீதிமன்றக் கட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டுநரிடம்தான் நான் இதைக் கற்றேன். அவர் எனக்குச் சொல்லித்தந்தவற்றில் முதல் பாடம் இது. நான் மறந்து மறந்து கெடுத்ததும் இதுவே.

அளவைச் சொல்கிறேன். நோட்டு 24 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். பலகை நோட்டைவிட மேலும் கீழும் 3 மில்லிமீட்டரும், திறக்கும் பக்கத்தில் 3 மில்லிமீட்டரும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தரையில் விழுந்தால் அடி பலகைக்குப் படும், தாளுக்குப் படாது. ஆக, பலகை ஒவ்வொன்றும் உயரம் 24.6, அகலம் 18.3 சென்டிமீட்டர். இரு பலகைகளுக்கும் நடுவே முதுகுக்காக இடைவெளி விட வேண்டும். நோட்டின் கனத்தோடு பலகைக் கனத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். பலகை 3 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 1.6 சென்டிமீட்டர். இடைவெளி குறைந்தால் அட்டை மூடாது. கூடினால் நோட்டு உள்ளே ஆடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கட்டும். பெரியவர்கள் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து துணி. பழைய கைலி மிக நல்லது. நெசவு நெருக்கமாக இருப்பதால் பசை வெளியே கசியாது. பழைய காக்கிக் கால்சட்டையும் உழைக்கும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மல்லாட்டை மூட்டை வந்திறங்கும் இடங்களில் கிழிந்த சாக்குகள் கிடைக்கும். சாக்குத் துணி வலுவானது. ஆனால் கண் அகன்ற நெசவு. நேரே பசை பூசினால் மறுபுறம் வழிந்து அசிங்கமாகிவிடும். ஆகவே சாக்கை நன்றாகத் துவைத்து உலர்த்தி, பழைய வேட்டித் துண்டு ஒன்றை அதன் உள்பக்கம் பசையால் ஒட்டி, காயவிட்டு, அதன் பிறகு பயன்படுத்துங்கள். மேலே சொன்ன நோட்டுக்கு 56 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துணி வேண்டும். நைந்த பகுதிகளைக் கழித்தாலும் ஒரு கைலியில் ஐந்தாறு அட்டைகளுக்குக் குறையாமல் தேறும்.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், என் சொந்த அனுபவம்.

நான் படித்த காலத்தில் ஒரு பள்ளியில், பழுப்புத் தாளில் அட்டை போடாத நோட்டை ஆசிரியர் கையால் தொடமாட்டார். அட்டை போடாததற்காகத் தொடவில்லையா, வேறு காரணத்திற்காகத் தொடவில்லையா என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. பழுப்புத் தாள் வாங்க வீட்டில் காசில்லை. என் தாயார் சிமெண்டு மூட்டையின் தாளை உதறித் துடைத்து, சோற்றுக் கஞ்சியால் ஒட்டி, அழகாக ஓர் அட்டை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பெருமையோடு கொண்டுபோனேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், கஞ்சி வாசனைக்கு வந்த கரப்பானும் எலியும் அட்டையின் முதுகையும் அதோடு கணக்குப் பாடத்தின் நான்கு பக்கங்களையும் தின்றிருந்தன. என் தாயார் அன்று அழவில்லை; கஞ்சியைத்தான் திட்டினார்கள். அன்றிலிருந்து நான் சோற்றுப் பசையை நம்புவதில்லை.

கடைக்காரர்கள் மைதாப் பசை காய்ச்சுகிறார்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பின்பு சிறு தீயில் விடாமல் கிளற வேண்டும். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பதம் வந்ததும் இறக்க வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க அவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். மயில்துத்தம் நஞ்சு. கைக்குழந்தை தவழும் வீட்டில் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மாற்றாக நம்மிடமே ஒன்று இருக்கிறது: புளியங்கொட்டைப் பசை. சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது புளியமரங்கள் பல வீழ்ந்தன என்றாலும், கொட்டைக்கு இன்னும் பஞ்சமில்லை. புளி ஆயும் வீடுகளில் அதைக் குப்பையில்தான் கொட்டுகிறார்கள். கொட்டையை வறுத்து, மேல்தோலை இடித்து நீக்கி, வெள்ளைப் பருப்பை இரவு முழுதும் ஊறவைத்து, அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ மைபோல் அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். மைதாப் பசையைவிடப் பிடிப்பு அதிகம். சணல் ஆலைகளிலும் பருத்தி ஆலைகளிலும் பாவு நூலுக்குக் கஞ்சி போட இந்தப் பருப்பின் மாவைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

ஆலைக்காரர்களுக்கு முன்பே நம் முன்னோர்களுக்கு இது தெரியும். பறையின் மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டுவதற்கு அவர்கள் கொண்ட பசை இதுதான். எத்தனை அடி அடித்தாலும், எத்தனை முறை தீயில் காய்ச்சினாலும் விடாத பசை. பறையை இனித் தொடமாட்டோம் என்று உடைத்தெறிந்த பெரியோர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அதையே மேடையில் பெருமையோடு முழக்கும் இளைஞர்களும் இருக்கிறீர்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. பறை யாருடைய கட்டளைக்காக அடிக்கப்பட்டது என்பது வேறு. அதைச் செய்த கைகளுக்கு இருந்த அறிவு வேறு. அந்த அறிவிலிருந்து ஒரு சட்டிப் பசையை எடுத்து என் மகளின் கணக்கு நோட்டுக்குப் பூசிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

இப்போது ஒட்டும் முறை. துணியின் உள்பக்கத்தில், இரு ஓரங்களிலும் 9 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, நடுப்பகுதிக்குப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். பசை அதிகமாவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இரு பலகைகளையும் சொன்ன இடைவெளியோடு வைத்து அழுத்துங்கள். மேலும் கீழும் மிஞ்சும் துணியை உள்ளே மடித்து ஒட்டுங்கள். பிறகு பழைய மாத நாட்காட்டியின் வழவழப்பான தாளை இரு பலகைகளின் உட்பக்கத்திலும் ஒட்டுங்கள். இது அழகுக்காக அன்று. வெளியே ஒட்டிய துணி காயும்போது பலகையைத் தன் பக்கம் இழுக்கும். உள்ளே ஒட்டிய தாள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமானால்தான் பலகை நேராக நிற்கும். பிறகு அதை விரித்தபடியே ஒரு பலகையின் கீழே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் நிழலில் விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

காய்ந்த பிறகு, விட்டுவைத்த 9 சென்டிமீட்டர் துணியில் ஓரத்தை 1 சென்டிமீட்டர் மடித்துத் தைத்து, மீதி 8 சென்டிமீட்டரைப் பலகையின் உட்பக்கம் மடக்கி, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரட்டை நூலால் நெருக்கமாகத் தையுங்கள். இங்கே பசை வேண்டாம். பாரம் தாங்கும் இடத்தில் நூல்தான் நிற்கும். இப்போது இரு பக்கமும் இரண்டு பைகள் கிடைத்துவிட்டன. நோட்டின் மெல்லிய மேலட்டைகளை அந்தப் பைகளுக்குள் செருகிவிட்டால் வேலை முடிந்தது. நோட்டு எழுதி முடிந்ததும் அதை உருவிவிட்டு அடுத்த நோட்டைச் செருகலாம். ஆறாம் வகுப்பில் செய்த அட்டை பத்தாம் வகுப்பு வரை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செருகுவதற்கு முன் நோட்டின் நடுவிலுள்ள கம்பிப் பின்களைப் பாருங்கள். மழைக்காலத்தில் அவை துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, நடுத்தாள் கழன்றுவிடும். பின்களை நீக்கிவிட்டு நடு மடிப்பில் குத்தூசியால் மூன்று துளைகள் இட்டு, மெழுகு தேய்த்த நூலால் தையுங்கள். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் வெளியிலிருந்து உள்ளே, அங்கிருந்து கீழ்த்துளை வழியே வெளியே, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே; இரு நுனிகளையும் நீள்நூலின் இரு பக்கமும் வைத்து முடிச்சிடுங்கள். கோணி ஊசி இதற்கு உதவாது, தாளைக் கிழித்துவிடும்.

கடைசியாக மெழுகு. அட்டையின் மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, பித்தளைச் செம்பில் கொதிநீர் ஊற்றி இஸ்திரிப் பெட்டிபோல் அதன்மேல் நகர்த்தினால், மெழுகு உருகித் துணிக்குள் இறங்கும். தூறலில் நனைந்தாலும் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடும். ஆனால் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை: மாவுப் பசையும் புளியங்கொட்டைப் பசையும் தண்ணீரில் கரைவனவே. வெள்ளத்தில் மிதந்தால் இந்த அட்டையும் தப்பாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நோட்டுகளை ஒரு கெட்டியான நெகிழிப் பைக்குள் கட்டி உயரத்தில் வைப்பதுதான் வழி. உயரம் என்றால் பரணில் கூரை ஒழுகும் மூலையில் அன்று.

பெட்டிக்குள் ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். பிள்ளைவளர்ப்பான் என்று நாம் சொல்லும் அதே வசம்புதான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்கப் பயன்படுத்தும் மருந்துக் கலவையிலும் அது உண்டு.

சுவடி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பனையோலைச் சுவடிக்கு மேலும் கீழும் இரண்டு மரச்சட்டங்களை வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். நாம் இன்று செய்யும் அட்டைக்கு அதுவே பாட்டன். நம்மிடம் ஏடு ஏது, எழுத்து ஏது என்று கேட்பவர்கள் உண்டு. தம் பாட்டனார் கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கும்படி கொடுத்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். 1812இல் குறள் முதன்முதலாக அச்சேறியது. ஓர் ஆங்கிலேயரின் வீட்டில் பணி செய்த மனிதர், இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே எதைக் காத்து வைத்திருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். விக்கிரவாண்டிப் பக்கமும் கண்டாச்சிபுரம் பக்கமும் பனைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பெயர்ச்சீட்டைப் பற்றி ஒரு சொல். அதைப் பிள்ளையே எழுத வேண்டும். தந்தையோ ஆசிரியரோ எழுதக் கூடாது. பெயர், தலைப்பெழுத்து, வகுப்பு, பாடம், ஊர். ஊர்ப்பெயர் எழுதும் இடத்தில் சில பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முகவரியில் ‘காலனி’ என்று எழுதினால் பக்கத்து இருக்கைக்காரன் பார்ப்பானே என்ற தயக்கம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீங்கிய சொல் வாயிலிருந்து நீங்க எத்தனை ஆண்டுகளாகுமோ, அறியேன். அதுவரை, பிள்ளை எதை எழுத விரும்புகிறதோ அதை எழுதட்டும். பெற்றோர் வற்புறுத்த வேண்டாம். பெயரை மட்டும் பெரிதாக எழுதட்டும்.

கழகப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாம் அனைவரும் முன்பு தென்னாற்காடு மாவட்டத்தினர். 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அந்தப் பழைய மாவட்டத்தில், 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவினார். அங்கே முதல் ஆண்டில் உட்கார்ந்து எழுதிய ஒரு பிள்ளையின் கையேடு இன்று நம் கையில் இருந்தால், அதற்கு நாம் என்ன விலை கொடுக்கமாட்டோம்? நம் கழகத்தின் மாலை வகுப்பிலும் இந்த 25 ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டுகள் பழைய தாள் கடைக்குக் கிலோ கணக்கில் போயின. சில அடுப்புக்குப் போயின. நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் எழுதி முடித்த நோட்டு ஒன்று, பிள்ளையும் பெற்றோரும் விரும்பிக் கொடுத்தால், அங்கே வரட்டும். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் நோட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிழையும் அடித்தலும் நிறைந்த நோட்டாக இருந்தாலும் நன்று.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கழகக் கட்டடத்தின் பின்புறம் பசை காய்ச்சுகிறோம். ஆளுக்கு ஒரு நாட்காட்டி அட்டை, ஒரு பழைய கைலி அல்லது சாக்கு, ஒரு கத்தரிக்கோல், ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவாருங்கள். கொட்டையை வெள்ளிக்கிழமை மாலையே வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அரைபடாது. வாசலில் என்னை நிறுத்திக் கேட்ட பெரியவர் தம் வீட்டு ஆட்டுக்கல்லைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.